குட்டைய ஆரு பாக்கறது?

ஏனுங்ணா, அந்தப் பையைச் சித்த அக்கட்டால தள்ளி வெச்சீங்கன்னா நானும் உக்காந்துக்குவேன். ஆங், போதுமுங்க. ஒல்லி ஒடம்புதான் நமக்கு. எங்க, திருப்பூருங்களா? கோயில்வழி பஸ் ஸ்டாண்டுலயே எறங்கீருவீங்களா? அட, நானும் அங்கதானுங்க. செரி, ஒட்டுக்காவே போலாம்.

இந்தா, கத்துது பாருங்க. போன் வரலீங்க, பயப்படாதீங்க. குட்டைதான். ஆமாங்ணா, எங்க தோட்டத்துக் குட்டை. அது என்ர கிட்டப் பேசும். இங்க பாருங்க என்ன போட்டிருக்குதுன்னு. 'நீர்மட்டம் பாதிக்குக் கீழ்.' மொதல்ல இங்கிலீசுலதான் வந்துட்டு இருந்துச்சு. நாந்தான் சகலைகிட்டச் சொல்லித் தமிழ்ல மாத்தி வாங்குனேன். எனக்கு இங்கிலீசு தெரியுமுங்க, ஆனாலும் தண்ணி சமாச்சாரம் தமிழ்ல வந்தாத்தான் பட்டுனு மண்டையில ஏறும்.

பாதிக்குக் கீழ்ன்னா ஒண்ணும் அவசரமில்லீங்க. இருக்கட்டும்.

என்ர பேரு பூபதி. தாராபுரம் தாண்டி உள்ள போகோணும் எங்க தோட்டத்துக்கு. எங்க தோட்டம்னா மாமனார் தோட்டம். அவிய ஊட்டுல ரெண்டும் பொண்ணுங்க. பெரிய பொண்ணு வாணி, அது எங்கூட்டுக்காரி. சின்னப் பொண்ணு தாரணி, அதைக் கோயமுத்தூர்ல குடுத்திருக்குது. அந்த மாப்பிள்ளை நவநீதன், மோட்டார் பேனல் போர்டு பண்ற கம்பெனியில பெரிய வேலை. நான் ஊட்டோட மாப்பிள்ளை. மூஞ்சியச் சுளிக்காதீங்க, எல்லாரும் சுளிக்கறதுதான். எனக்குப் பழகிருச்சு.

மாமனாரு தங்கமான மனுசனுங்க. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசுனதில்லை. அதுதான் கஷ்டமே. திட்டுனாலாவது இது நம்ம ஊடுன்னு ஒரு நெனப்பு வரும். இவரு மொத நாள்ல இருந்து 'வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க மாப்பிள்ளை'ன்னு மரியாதையாப் பேசிப் பேசியே என்னைய விருந்தாளியாவே வெச்சிருக்காரு. கல்யாணமாயி எட்டு வருசமாச்சு. இன்னிக்கு வரைக்கும் அந்த ஊட்டுல நான் ரெண்டாந்தடவை கொழம்பு கேட்டு ஊத்திக்கிட்டதில்லை. டிவி ரிமோட்டத் தொட்டதில்லை. நாற்காலியில உக்காந்தாக்கூட நுனியிலதான் உக்காருவேன்.

ஆனா குட்டை இருக்குது பாருங்க, அது எனக்கு.

நீங்க பண்ணைக்குட்டை பாத்திருக்கறீங்களா? பெருசா நோண்டி, அடியில கறுப்பு சீட்டு விரிச்சு, போர்ல இருந்து தண்ணிய எடுத்து அதுல நெப்பிக்கறது. அங்கிருந்து இன்னொரு மோட்டார் வெச்சுச் சொட்டுநீருல தென்னைக்கு உடறது. எங்க போர்ல தண்ணி சன்னமாத்தான் வரும், அதனால குட்டை இல்லீனா தென்னை இல்லை. த்ரீ பேஸ் கரண்ட் எப்ப வரும் எப்பப் போகும்னு சொல்ல முடியாது. வந்ததும் ஒரு ஆளு ஓடி மோட்டார எடுத்து உடோணும். ரொம்பிருச்சுன்னா நிறுத்தோணும், இல்லீனா கரை ஒடைஞ்சு போயிரும். அடியோட வத்த உட்டாச் சீட்டு வெயில்ல வெடிச்சுப் போயிரும். உள்ள மீனு வேற இருக்குது. இத்தனையும் பாக்கறதுக்கு ஒரு மனுசன் வேணுமில்ல? அந்த மனுசன் நானுங்க.

குட்டைக் கரையில ஒரு மோட்டார் ரூம். ஒரு கயித்துக் கட்டில், ஒரு ரேடியோ, ஆணியில என்ர சட்டை. பூட்டு வாங்கிப் போட்டது நானு. சாவி என்ர கிட்ட மட்டுந்தான். அந்த ரூமுக்குள்ள போயி ஸ்டார்ட்டர்ல பச்சைப் பட்டனை அமுத்தி, மோட்டார் 'ம்ம்ம்'னு எடுத்து, குழாயில தண்ணி கொப்பளிச்சு விழுகறப்ப, அதை எப்படிச் சொல்றதுங்ணா, அப்பத்தான் நான் ஒரு ஆளு. அந்த ரூமுலதான் நான் காலை நீட்டி உக்காருவேன்.

அப்புறம் நம்ம பக்கம் இந்த ஒரு வார்த்தை இருக்குது, 'மோட்டார் எடுத்து உடோணும்'னு. உங்களுக்கே தெரியுமே. கல்யாணமா, காதுகுத்தா, எழவா, கட்சிக் கூட்டமா, எதுவா வேணாலும் இருக்கட்டும். எந்திரிச்சு வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு 'கரண்ட் வந்துருமுங்க, மோட்டார் எடுத்து உடோணும்'னு சொன்னாப் போதும். ஒருத்தன் ஒரு கேள்வி கேக்க மாட்டான். பந்தியில பாதிச் சோத்துல எந்திரிச்சாலும் தப்பில்லை. கொழுந்தியா கல்யாணத்துல மூத்த மாப்பிள்ளைன்னு என்னைய மேடையில நிறுத்தப் பாத்தாங்க. நானு சகலை கையில மோதிரத்தப் போட்டு உட்டேன், மோட்டார் எடுத்து உடோணும்னு வந்துட்டேன். போட்டோவுல எங்கயுமே இருக்க மாட்டேன். வாணி ஆல்பத்தைப் பொரட்டிப் பாத்துட்டு, 'நம்ம கல்யாண போட்டோவுலயாவது நீங்க இருக்கறீங்களே'ன்னா. அவளுக்குக் கிண்டல் எச்சா.

வாணியப் பத்திச் சொல்றேன் கேளுங்க. நல்லாப் படிச்ச புள்ளை. துணி டிசைன் படிப்பு. கூடப் படிச்சவ ஒருத்தி திருப்பூர்ல பனியன் கம்பெனியில சாம்பிள் செக்சன்ல இருக்கறா, அவ அப்பப்பக் கூப்பிட்டுட்டே இருப்பா. வாணியும் கல்யாணமான புதுசுல இருந்தே கேட்டுட்டு இருந்தா. 'ஏனுங்க, நாமளும் திருப்பூர் போயிரலாமுங்க. ஒரு சின்ன ஊடு புடிச்சு, நீங்களும் நானும் தனியா. உங்களுக்கும் இங்க சங்கடமாத்தான இருக்குது?'ன்னு. சங்கடம்னு நான் அவகிட்டச் சொன்னதே இல்லீங்க. எப்படிக் கண்டுபுடிச்சாளோ.

நான் என்ன சொல்லுவேன்? 'குட்டைய ஆரு பாக்கறது?'ன்னு கேப்பேன். அவ்வளவுதான், பேச்சு முடிஞ்சது. பொய்யாங்க சொன்னேன்? ஆரு பாப்பா? மாமனாருக்கு முட்டி வலி. ஆளு வெச்சா ஒரு வாரத்துல ஓடிப் போயிருவான். அவ உள்ள போயி மாவாட்டுவா. அடுத்த வருசம் நோம்பி முடிஞ்சு மறுபடியும் கேப்பா. 'குட்டைய ஆரு பாக்கறது?' அவ மாவாட்டப் போயிருவா. ஏழு வருசம் இப்படித்தான் நல்லாப் போயிட்டு இருந்துச்சு.

அப்புறம் வந்துச்சுங்க கெரகம்.

என்ர புள்ளை மிதுனாவுக்குப் போன வருசம் காது குத்துனோம். வாணிக்குக் கூடப் பொறந்தவன் இல்லாததுனால சகலை ஆசையாக் கேட்டாரு, 'புள்ளைக்குத் தங்கத்துல தோடு நாங்க போடறோம், எந்த மாடல் வேணும்?'னு. இவ என்ன சொன்னா தெரியுமுங்களா? 'தோடு வேண்டாந் தம்பி. எங்கப்பன் குட்டைக்குத் தானா தண்ணி நெப்பிக்கற மாதிரி ஒரு பொட்டி மாட்டிக் குடுங்க. அதுதான் என்ர புள்ளைக்கு நீங்க செய்யற சீரு'ன்னுருக்கா. பைத்தியக்காரி! தங்கத்தை வேண்டாம்னு சொல்லீட்டுக் குட்டைக்குப் பொட்டி கேக்கற பொம்பளைய நீங்க எங்கயாவது பாத்திருக்கறீங்களா? புள்ளை காதுல கவரிங்தான் கெடக்குது. எனக்கு ஓட்டம் கொறையட்டும்னுதான் கேட்டிருப்பா. என்ர மேல அவளுக்கு அவ்வளவு அக்கறை.

சகலை ரெண்டு பசங்களக் கூட்டிட்டு வந்தாரு. செவுத்துல ஒரு வெள்ளைப் பொட்டி மாட்டுனாரு. குட்டைக்குள்ள ரெண்டு மெதவை தொங்க உட்டாரு, மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, நடுவுல பாதி மட்டத்தக் காட்டறதுக்கு ஒரு கம்பி. தண்ணி கீழ மெதவைக்கு எறங்குச்சுன்னாப் பொட்டி போர் மோட்டார எடுத்து உட்டுரும். மேல மெதவையத் தொட்டுச்சுன்னா நிறுத்தீரும். எந்தத் தென்னைக்கு எப்ப எவ்வளவுன்னு வால்வையும் அதுவே தெறந்து மூடிக்கும். உள்ள ஒரு சிம் கார்டு. மாமனாரு, சகலை, நானு, மூணு பேரு போனுக்கும் சேதி வரும். 'சகலை, இனி நீங்க பாதிச் சோத்துல எந்திரிக்க வேண்டியதில்லை'ன்னு சொல்லிச் சிரிச்சாரு. அவரு நல்ல மாதிரியாத்தாஞ் சொன்னாரு.

மொத நாள் எல்லாரும் கரையில நின்னுட்டு இருந்தோம். மாமனாரு தேங்கா ஒடைச்சாரு. கரண்ட் வந்துச்சு. பழக்கதோசத்துல நான் ரூமுக்கு ஓடிட்டேன். பச்சைப் பட்டன்கிட்டக் கைய நீட்டறேன், டக்குனு ஒரு சத்தம். ஆரும் தொடலீங்க. மோட்டார் எடுத்துருச்சு. வெளிய எல்லாரும் கையத் தட்டறாங்க. நான் நீட்டுன கைய என்ன பண்றதுன்னு தெரியாம ஆணியில இருந்த சட்டைய எடுத்து ஒதறி மறுபடியும் மாட்டுனேன். நெசமாவே அழுகை வந்துருச்சு.

வெளிய வந்து பாத்தா எல்லாருலயும் எச்சாக் கையத் தட்டுனது வாணிதான். புள்ளையத் தூக்கிச் சுத்தறா. அவ அப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லை. அன்னைக்கு மத்தியானமே அட்டாலியில இருந்து பெரிய பெட்டிய எறக்கி, ஈரத்துணியில தொடைச்சுக் காய வெச்சா. 'எதுக்கு புள்ளை இதைத் தொடைக்கறே?'ன்னேன். 'இனிக் குட்டைதான் தன்னையத் தானே பாத்துக்குமே'ன்னா.

எனக்குப் பகீர்னுச்சு.

அப்பத்தான் ஓசனை பண்ணிச் சொன்னேன், 'அதெல்லாஞ் செரி புள்ளை. மெசின ஆரு பாக்கறது?'ன்னு.

என்னைய அப்படியே பாத்தா. மொதல்ல சிரிச்சா. அப்புறம் அந்தப் பெட்டி மேலயே உக்காந்து அழுதா. எதுக்கு அழுகறான்னு எனக்குப் புரியலீங்க. தப்பா ஒண்ணும் கேக்கலையே நானு? மெசினுன்னா ரிப்பேராகாதுங்களா? மெதவை மேல காக்கா உக்காரும், பாசி சுத்திக்கும், மீனு முட்டும். ஆளு வேணுமுங்க. முன்ன குட்டைய மட்டும் பாத்துக்கிட்டிருந்தேன், இப்பக் குட்டையவும் மெசினையவும் பாக்கறேன். வேலை ரெண்டு மடங்காயிருச்சுங்கறதை ஆரும் ஒத்துக்க மாட்டேங்கறாங்க.

நான் சொன்ன மாதிரியே ஒரு நா ஆச்சுங்க! காத்தடிக்கற மாசம். கீழ மெதவை ஆடிட்டே இருக்குது. ஆடுனாத் தப்பாக் காட்டுமேன்னு ஒரு பாதுகாப்புக்கு நான் நூல்கயித்துல அதை இழுத்துக் கட்டி வெச்சேன். மேல மெதவையவும் சேத்துத்தான் கட்டுனேன், ரெண்டும் பத்திரமா இருக்கட்டும்னு. அன்னைக்குப் பாத்து மோட்டார் நிக்கவே இல்லை. தண்ணி ரொம்பி, கரை மேல ஏறி, பக்கத்துக் காட்டுல அறுக்கப் போற சின்ன வெங்காயத்துல பாஞ்சுருச்சு. நாந்தான் ஓடிப்போயி நிறுத்துனேன். இல்லீனாக் கரையே போயிருக்குமுங்க. அன்னைக்கு எனக்கு எப்படி இருந்துச்சு தெரியுமுங்களா? ஒடம்பெல்லாஞ் சேறு, பழையபடி ஆளா நிக்கறேன். 'பாத்தீங்களா, மனுசன் வேணுமுங்க'ன்னு சத்தமாச் சொன்னேன்.

சகலை கோயமுத்தூர்ல இருந்து வந்து பாத்துட்டு, 'கயித்தைக் கட்டுனா மெதவை எப்படிங்க மெதக்கும்?'னு கேக்கறாரு. கயித்துக்கும் இதுக்கும் என்னங்க சம்மந்தம்? படிச்சவங்க அவிய மெசினு மேல தப்பை ஒத்துக்குவாங்களா? மாமனாரு வெங்காயக் காட்டுக்காரர்கிட்ட அவரே போயிப் பேசி முடிச்சுட்டு வந்தாரு. வந்து முட்டியத் தேச்சுட்டே, 'மாப்பிள்ளை, வாணி ஆசைப்படறா. போயிட்டு வாங்களேன். குட்டைய நான் போன்லயே பாத்துக்கறேன்'னாரு. எட்டு வருசம் ஒழைச்சவனை எப்படித் தாட்டி உடறாங்க பாத்தீங்களா!

நான் பிடிவாதமா நின்னுட்டேன். வாணி நிக்கலை. ஸ்கூல் தெறக்கற சமயம் புள்ளையக் கூட்டிட்டுத் திருப்பூர் போயிட்டா. கோயில்வழிக்குப் பக்கத்துலயே ஒரு ஊடு, ஒரு ரூமும் அடுப்படியும். கம்பெனியில சேந்துட்டா. சண்டையெல்லாம் இல்லீங்க. 'வாரப்ப வாங்க'ன்னு சொல்லீட்டுத்தான் போனா. தினமும் பொழுதோட, வேலை உட்டு வந்ததும், போன் பண்ணுவா. மிதுனா வாங்குன ஒடனே, 'அப்பா, குட்டை நல்லா இருக்குதா?'ன்னுதான் கேக்கும். அப்புறந்தான் 'நீங்க நல்லா இருக்கறீங்களா?'. புள்ளைக்குக் குட்டை மேல அவ்வளவு பாசமுங்க.

என்ன, கொடுவாய் வந்துருச்சா? சீக்கிரமா வாரானே இவன்.

இன்னைக்கு எதுக்குப் போறேன்னா, ஒரு வேலை விசயமா. வாணி கம்பெனியில ஹாஸ்டல் கட்டியிருக்காங்க. அங்க தண்ணித்தொட்டி, மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் பாத்துக்க நம்பிக்கையான ஆளு வேணுமாம். கையாலயே வால்வு திருப்பற வேலைதான், பொட்டி கிட்டி ஒண்ணும் இல்லை. 'உங்களுக்குன்னே செஞ்ச வேலையாட்டம் இருக்குதுங்க'ன்னா. மேனேஜர்கிட்ட அவளே சொல்லி வெச்சிருக்கறா. இன்னைக்கு மூணு மணிக்கு நான் அவரு முன்னால நிக்கோணும். நாளைக்கு வேற ஆளைப் போட்டுருவாங்களாம். பாதி நாள் லீவு சொல்லீட்டு, புள்ளையவும் ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு, பஸ் ஸ்டாண்டுலயே நிக்கறேன்னுருக்கா.

நேத்து ஒரு வார்த்தை சொன்னா. 'நாளைக்கு வாரதுன்னா வாங்க. வரலீனா நான் கோவிச்சுக்க மாட்டேனுங்க. ஆனா இனிமேக் கூப்பிட மாட்டேன்.' பாருங்க, அவ கொணத்தை! கோவிச்சுக்க மாட்டேன்னு அவளே சொல்றா. எத்தனை பொண்டாட்டி இப்படிச் சொல்லுவாங்க?

என்னங்ணா? என்ன கேட்டீங்க? போகப் புடிக்கலையான்னா?

அதெப்படிப் புடிக்காமப் போகும். பொண்டாட்டி புள்ளை அங்க இருக்கறாங்க. மிதுனாவ மடியில உக்கார வெச்சு எத்தனை மாசமாச்சு. இல்லீங்ணா, அப்படியில்லை. ஆனா நீங்களே சொல்லுங்க. அங்க நான் ஆரு? இங்க ஊட்டோட மாப்பிள்ளை, அங்க 'வாணி புருசன்'. காலையில பஸ் ஏறி, ஒரு கேட்டுல நின்னு கையெழுத்துப் போட்டு, எவனோ ஒருத்தன் 'ஏன்யா லேட்டு?'ன்னு கேப்பான். ஒருவேளை எனக்கு அந்த வேலை வரலீனா? குட்டை இருக்கற வரைக்கும் நான் ஏன் போகலைன்னு கேட்டாக் குட்டைன்னு சொல்லலாம். அங்க போயி முடியாமப் போச்சுன்னா என்னத்தைச் சொல்றது? எனக்குப் பயமா இருக்குதுங்ணா. இதை நான் ஆருகிட்டயும் சொன்னதில்லை. நீங்க எறங்கிப் போற ஆளு, அதனால சொல்றேன்.

உடுங்க. போறேன்னு கெளம்பியாச்சு. இதுக்கு மேல என்ன?

குட்டைக்கெல்லாம் பாதுகாப்புப் பண்ணீட்டுத்தான் வந்திருக்கறேன். நான் இல்லாதப்ப மெசினு பாட்டுக்கு ஏதாவது பண்ணி வெச்சுருச்சுன்னா? அதனால நேத்துப் பொழுதோடயே போர் மோட்டார் சுவிட்ச ஆட்டோவுல இருந்து கைக்கு மாத்தி வெச்சுட்டேன். பொட்டி எத்தனை கத்துனாலும் மோட்டார் எடுக்காது. அப்புறம் ரூமைப் பூட்டுனேன். சாவி இந்தா, சட்டைச் சோப்புலயே இருக்குது. ஆரும் போயி நோண்ட முடியாது பாருங்க. தென்னைக்குப் போற தண்ணி மட்டும் ஆட்டோவுலயே இருக்குது, அது போகட்டும்.

இந்தா, மறுபடியும் கத்துது. இருங்க. பஸ்ஸு குலுங்கறதுல எழுத்தே தெரியலை... நீங்க படிங்கண்ணா.

'நீர்மட்டம் குறைவு. போர் மோட்டார் எடுக்கவில்லை.'

நாஞ் சொன்னனா இல்லையா! சொன்னனா இல்லையா! இந்த மெசினை நம்பி ஒரு மனுசன் ஒரு நா வெளிய போக முடியுதுங்களா? பஸ் ஏறி இன்னும் ஊரு போயிச் சேரலை. என்னது? நான் மாத்தி வெச்சதுனாலயா? அண்ணா, நான் பாதுகாப்புக்கு மாத்தி வெச்சேன். நீங்களும் எங்க சகலை மாதிரியே பேசறீங்களே.

இருங்க, போன் வருது. மாமனாரு.

அலோ. சொல்லுங்க மாமா. ஆமாங்க, எனக்கும் வந்துச்சு. சாவியா? சாவி என்ர கிட்ட இருக்குதுங்க மாமா. பஸ்ஸுல இருக்கறேன். கொடுவாய் தாண்டியாச்சு... இல்லீங்க மாமா, நான் வந்தர்றேன். இல்லீங்க... என்னங்க? பூட்டையா? வேண்டாமுங்க மாமா. வேண்டாமுங்க, பூட்ட ஒடைக்காதீங்க. நீங்க முட்டி வலியோட எதுக்கு... கேக்குது, கேக்குதுங்க. செரிங்க. அலோ? அலோ?

வெச்சுட்டாரு.

என்ன சொல்றாரு தெரியுமுங்களா? 'மாப்பிள்ளை, நீங்க எறங்கிறாதீங்க. சாமி சத்தியமா எறங்கிறாதீங்க. நான் சுத்தியல்ல பூட்ட ஒடைச்சு சுவிட்ச மாத்திக்கறேன். ஒடைக்க முடியலீனாலும் போகுது. கீழ மெதவைக்கு வந்ததுமே தென்னைக்குத் தண்ணியப் பொட்டியே நிறுத்தீருச்சாம். மீனுக்கும் சீட்டுக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு சின்ன மாப்பிள்ளை சொல்லிப் போட்டாரு. தென்னை ஒரு நா காஞ்சாச் செத்தாப் போயிரும்? நீங்க போயி வாணியப் பாருங்க'ன்னு. என்ர கிட்ட அவரு இத்தனை வார்த்தை ஒட்டுக்காப் பேசுனதே இல்லை.

என்ர பூட்டுங்ணா அது. எட்டு வருசமா நாந்தான் தெறக்கறேன், நாந்தான் பூட்டறேன். அதைப் போயிச் சுத்தியல்ல ஒடைக்கறதா? ஒடைச்சு உள்ள போயி, என்ர கட்டில்ல உக்காந்து, என்ர சட்டையத் தள்ளி உட்டுட்டு, ஒரே ஒரு சுவிட்ச மாத்துனா முடிஞ்சுருச்சா? அவ்வளவுதானா? அப்புறம் நான் எதுக்கு?

இது என்ன ஸ்டாப்பு? அவினாசிபாளையமா? பாருங்க, எதுத்தாப்ல தாராபுரம் பஸ்ஸு நிக்குது. எனக்குன்னே நிக்கற மாதிரி நிக்குது. அவரு சுத்தியலைத் தேடி எடுக்கறதுக்குள்ள பொழுது சாஞ்சுரும். நான் இப்ப ஏறுனா அதுக்கு முன்னால போயிரலாம்.

கண்டக்டர்! ஹோல்டான், ஹோல்டான்! எறங்கோணும்!

தெரியுமுங்ணா, மூணு மணிக்குத் தெரியும். கையப் புடிக்காதீங்க, உடுங்க. நாளைக்கு வந்து மேனேஜரைப் பாத்துக்கறேன். இல்லீனா நாளன்னைக்கு. சொன்னாக் கேப்பாங்க. குட்டை வத்திக் கெடக்கறப்ப ஒரு மனுசன் எப்படிங்க விட்டுட்டுப் போறது?

அண்ணா, ஒரு ஒதவி பண்ணுங்க. இந்தப் பையக் கோயில்வழியில குடுத்துருங்க. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நொழையறப்பவே நிப்பா. பக்கத்துல ஒரு புள்ளை இருக்கும், வார பஸ்ஸையெல்லாம் எட்டி எட்டிப் பாத்துட்டு இருக்கும். காதுல கவரிங் தோடு. அதை வெச்சே கண்டுபுடிச்சுரலாம். உள்ள கொய்யாக்கா இருக்குது, குட்டைக் கரையில காச்சது, புள்ளைக்குப் புடிக்கும். அடியில என்ர வேட்டி சட்டை ரெண்டு செட்டு இருக்குது. அதைத் திருப்பி எடுத்துட்டுப் போக வேண்டாம், அங்கயே இருக்கட்டும். வாரப்ப ஆகும்.

அவ ஒண்ணும் கேக்க மாட்டா. கேட்டான்னா, மோட்டார் எடுத்து உடோணும்னு போயிட்டாருன்னு சொல்லுங்க. அவ்வளவு போதுமுங்ணா. அவ புரிஞ்சுக்குவா.